கல்லடி பட்ட காதல்

தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து பாத்து வளந்தவங்க அரவான் களபலி ராத்திரியை மறக்க மாட்டாங்க. 32 லட்சணம் கிருஷ்ணனுக்கும் உண்டு, அர்ச்சுனனுக்கும் உண்டு. காவு போனதென்னவோ நாககன்னி பெத்த புள்ள. நாககன்னி வேசம் கட்டின ஆம்பள மாரடிச்சு அழும்போது ஊரும் சேரியும் சேர்ந்தே அழும். உட்காரும் இடம் மட்டும் வேற வேற.

அந்த அரவான்தான் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் கூத்தாண்டவர். சாகப்போகிறவனுக்கு எவனும் பெண் கொடுக்காதபோது கிருஷ்ணன் மோகினியாகி அவனுக்குப் பெண்டாட்டியானான் என்பது கதை. சித்திரைப் பௌர்ணமியையொட்டி அங்கே திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சீலை கட்டுகிறார்கள். பத்திரிகைக்காரங்க இதை வேடிக்கை என்று எழுதுவாங்க. பக்தி என்று எழுதக் கை வருவதில்லை.

எம்.ஏ. வகுப்பில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகுவதை 'நாயகி பாவம்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆண் பெண்ணாகி ஏங்குவது பக்தியின் உச்சமாம். அதைச் சொல்லிக்கொடுத்தவரே பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். திருவரங்கத்தில் பகல்பத்துக் கடைசி நாளில் பெருமாளே மோகினி அலங்காரத்தில் வருகிறார். யாரும் சிரிப்பதில்லை. விக்கிரகத்துக்கும் பாட்டுக்கும் இருக்கிற உரிமை உயிருள்ள உடம்புக்குக் கிடையாது.

நமக்கு நெருங்கினவர் திருப்பாணாழ்வார். தீண்டக்கூடாத பாணர் குலம் என்று கோயிலுக்குள் விடாமல், காவிரிக் கரையிலேயே நின்று பாடினவர். வழியை விட்டு விலகவில்லை என்று உலோகசாரங்கர் கல்லெறிய ரத்தம் வந்தது என்கிறது குருபரம்பரைக் கதை. பிறகு அதே சாரங்கர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாராம். தூக்கினதைத்தான் வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். அவர் கால் கோயில் தரையில் படாமல் போனதை நாம்தான் கவனிக்க வேண்டும். பாடியது பத்தே பாட்டு, அமலனாதிபிரான். பாதத்தில் தொடங்கி, உடுத்த ஆடை, உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை மேலேறிக்கொண்டே போகிறது. நாயகி வேசம் இல்லை. ஓர் ஆண், ஆண் உருவத்தைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். இதை வைத்து ஆழ்வாருக்கு இன்றைய பெயர் எதையும் நான் சூட்டவில்லை. தொட விடாதவர்களின் கோயிலில் பார்வையாலேயே தொட்ட பாட்டு அது, அவ்வளவுதான்.

இன்றைய திருநங்கைகளின் எழுத்தையும் இந்த வரிசையில் வைத்தே படிக்கிறேன். கல்கி சுப்ரமணியம் தன் கவிதைத் தொகுப்புக்கு வைத்த பெயர் 'குறி அறுத்தேன்'. தன்மை வினைமுற்று. எனக்கு நடந்தது அல்ல, நான் செய்தது. ஆழ்வார் சொல்லால் பெண்ணானார், இவர் உடம்பால். 'நான் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா தலித். திருநங்கை வெறுப்பும் ஒருவகைப் பார்ப்பனியம்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2018-ல் ஒருபால் காதல் குற்றமில்லை என்றது. ஆனால் இங்கே 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனி எரிந்தது, ஓர் ஆணும் பெண்ணும் சாதி தாண்டிக் கட்டிக்கிட்டதுக்கு. இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு காலனிப் பையன் இன்னொரு பையனை நினைத்து எழுதினால் அது நோட்டுக்குள்ளேயேதான் கிடக்கும். 'சாமி' என்று விளித்து எழுதியிருந்தால், யார் கையில் சிக்கினாலும் பக்திப் பாட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.