மண்கூடை சுமந்த கைகள்

போர் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் எல்லையில் நிற்கும் வீரர்களே. ஆனால் போரின் சுமை எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அது ஊருக்குள்ளும் வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் கண்மாய்க் கரையில் மண்கூடை சுமக்கும் நம் தாய்மாரைக் காணும்போதெல்லாம், குஜராத்தின் மாதாபர் ஊர்ப் பெண்களை எண்ணிக்கொள்கிறேன்.

1971 டிசம்பர். இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டு சில நாள்களே ஆகியிருந்தன. புஜ் விமானதளத்தின் ஓடுபாதை, பாகிஸ்தான் விமானங்களின் குண்டுவீச்சில் குழிகுழியாகச் சிதைந்தது. செப்பனிடப் போதிய ஆள்கள் இல்லை. தளத்தின் பொறுப்பிலிருந்த ஸ்குவாட்ரன் லீடர் விஜய் கார்னிக், பக்கத்துக் கிராமத்தின் உதவியை நாடினார். மாதாபரிலிருந்து ஏறத்தாழ 300 பெண்கள் முன்வந்தனர். கைக்குழந்தைகளை அண்டை வீட்டாரிடம் விட்டுவந்த தாய்மாரும் அவர்களுள் இருந்தனர்.

அபாயச் சங்கு ஒலித்தால் புதர்களுக்குள் ஓடி ஒளிவர். அடங்கியதும் மீண்டும் வேலையில் இறங்குவர். வானிலிருந்து எளிதில் தெரியாதிருக்க வெளிர்பச்சைச் சேலை உடுத்தினர். ஓடுபாதையையும் மாட்டுச் சாணம் பூசி மறைத்தனர். 72 மணி நேரத்தில் ஓடுபாதை சீரானது. விமானம் மீண்டும் பறந்தது.

குடிமைப் பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு அவர்கள் தந்த பொருள் இதுவே. அவர்கள் போர்ப்பயிற்சி பெற்றவர்கள் அல்லர், சீருடையும் இல்லை. சாவு தலைக்குமேல் பறக்க, குனிந்து வேலை செய்தனர். பரிசாகக் கிடைத்த 50,000 ரூபாயையும் பங்கிட்டுக்கொள்ளாமல் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கே அளித்தனர் என்பர்.

போரை நாம் வாழ்த்த வேண்டியதில்லை. ஆயினும், தளபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள், கூடை சுமந்த கைகளையும் அறிய வேண்டாமா?