கரைக்கும் கப்பலுக்கும் இடையே



கொடும்பாளூரைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மூவர் கோயிலையே பேசுவர். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த அம்மூன்று கோயில்களுள் இன்று இரண்டே எஞ்சி நிற்கின்றன. அவற்றின் சிற்ப அழகு பேசத் தக்கதே. ஆயினும், நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் படகும், படகு வலித்தவரும் ஆகும். கடலுக்கு வெகு தொலைவில், வறண்ட நிலத்தின் நடுவே உள்ள ஓர் ஊரைச் சொல்லிப் படகிற்கு எவ்வாறு போய்ச் சேர்வது என்று நீங்கள் வியக்கக்கூடும். அதற்கு வழி உண்டு. அவ்வூரே ஒரு வழிச் சந்திப்பு அல்லவா?

சிலப்பதிகாரத்தில், மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு மறையவன் ஒருவன் வழி கூறுகிறான். கொடும்பைக் குளத்தருகே பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்பது அவன் தரும் செய்தி. அக்கொடும்பையே கொடும்பாளூர் என்பர் அறிஞர். வழிகள் கூடும் இடத்தில் வணிகர் கூடுவது இயல்பு. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். மணிக்கிராமம் என்னும் பெயர் தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்ட செய்தியை அது கூறுகிறது. கடலுக்கு அப்பால் குளம் காத்தவர்கள் கடலைக் கடந்தே சென்றிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் வரலாற்று நூல்கள் ஒரு தாவுத் தாவுகின்றன. வணிகர் உள்நாட்டில் மூட்டை கட்டினர், கடல் கடந்தனர், பொருளீட்டினர் என்று எழுதிவிட்டு மேலே செல்கின்றன. சோழமண்டலக் கரையைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தாண்டிவிட மாட்டார்கள். ஆற்று முகத்துவாரங்கள் சில நீங்கலாக, அக்கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையான துறை அரிது. கரை மணற்பாங்கானது, கடல் ஆழமற்றது. எனவே பெருங்கலங்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட வேண்டும். கப்பலுக்கும் மணலுக்கும் இடையே வரிசை வரிசையாக அலைகள் எழுந்து மடிந்து உடைந்துகொண்டே இருக்கும். ஆயிரம் கல் கடலைக் கடந்து வந்த சரக்கு, கடைசியில் உள்ள அந்தச் சிறு நீர்ப்பரப்பைக் கடக்கத் தனியாக ஒரு படகும், அதற்கென்றே பழகிய மக்களும் வேண்டியிருந்தனர்.

அம்மக்களைப் பற்றிய அருமையான குறிப்பு ஒன்றை எழுதி வைத்தவர் ஒரு வெனிஸ் நகரத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பதுண்டு. வெனிஸ் நகரம் படகால் வாழ்ந்த நகரம். தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள்; வண்டிகளுக்குப் பதிலாகக் காண்டோலாக்கள். ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள அப்படகைப் பின்புறத்தில் நின்றுகொண்டு ஒருவரே ஒற்றைத் துடுப்பால் செலுத்துவார். ஒரு பக்கமே துடுப்பு விழுவதால் படகு திரும்பிவிடக் கூடாது என்று அதன் இடப்பக்கத்தை வலப்பக்கத்தை விடச் சற்று அகலமாக அமைத்தனர். தேர்ந்த அறிவுதான். ஆயினும் அது அமைதியான உப்பங்கழிக்கு ஏற்ற அறிவு.

அந்நகரத்து வணிகரான செசாரே பெதெரிசி என்பவர் 1563இல் புறப்பட்டுக் கீழை நாடுகளில் 18 ஆண்டுகள் சுற்றினார். 1587இல் வெனிஸில் அச்சான தம் நூலில், சாந்தோம் கரையில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் முறையைக் காணாதவர்க்கு அது பெருவியப்பாகும் என்கிறார். கப்பலோடு வந்த படகுகளை அங்கே இறக்கினால் சுக்குநூறாகிவிடும். சிறு பலகைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்த உயரமான படகுகளே அங்கு உதவும். அவற்றிற்கு ‘மசாதி’ என்று அவர் பெயர் குறிக்கிறார். கரையிலேயே சுமையை ஏற்றி, படகை நீரில் தள்ளி, எதிர்வரும் பேரலைகளை நோக்கி முழு விரைவோடு வலித்துச் சென்றனராம். துடுப்பின் அருமை அறிந்த ஊரின் வணிகர் மொழிந்த பாராட்டு இது!

அவருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்பு வந்த மற்றொரு வெனிஸ்காரர் மார்க்கோ போலோ. காயல் துறையையும் முத்துக் குளிப்பையும் விரித்துரைத்த அவர், பாரசீகத்து ஒர்முசு துறையில் கண்ட தைத்த கப்பல்களை மட்டும் இகழ்ந்தார். இரும்பாணி இல்லை, தென்னை நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள், ஆபத்தானவை என்பது அவர் கருத்து. நெடுங்கடலுக்கு அது பொருந்தலாம். நம் கரையில் உடையும் அலைக்கோ அந்தத் தையலே உயிர் காத்தது.

எவ்வாறு எனில், ஆணி அறைந்து, உள்ளே வளைகால்கள் பூட்டி, விறைப்பாகச் செய்த படகை அலை தூக்கி மணலில் மோதினால், மோதலின் வேகம் முழுவதும் ஓரிடத்தில் தாக்கும்; மரம் பிளக்கும். மசூலாப் படகிலோ வளைகால்களும் இல்லை, ஆணியும் இல்லை. விளிம்பருகே துளையிட்ட மெல்லிய பலகைகள், இணைப்பின்மேல் நாரோ வைக்கோலோ வைத்து அழுத்தித் தைத்த கயிறு, அவ்வளவே. அலை அடித்தால் படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். பலகைகள் சற்றே அசைந்து மீண்டும் அமரும். தையல் வழியே நீர் கசியத்தான் செய்யும். அதனை இறைப்பதற்கென்றே ஓரிருவர் படகில் இருப்பர். கயிறு நைந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். கசிவை ஏற்றுக்கொண்டு உடைவைத் தவிர்த்த இந்தக் கணக்கை எந்த நூலிலும் எழுதாமல் கையறிவாகவே தந்தை மகனுக்குக் கொடுத்தார். இதே வகைப் படகைச் சலங்கு என்றும் சொல்வதுண்டு. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் அச்சொல்லையே தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர்.

படகு பாதி, ஆள் பாதி. எட்டுப் பேரோ பத்துப் பேரோ நீண்ட தண்டுகளை வலிப்பர். நுனியில் முட்டை வடிவப் பலகை கட்டிய கழிகளே அத்தண்டுகள். பின்புறம் நின்று திசை காட்டுபவர் தண்டேல். அவர் கண் எப்போதும் பின்னால் எழும் அலைமீது இருக்கும். அலை உயரும்போது ஒரு சொல்; அது கடந்ததும் ஒரு சொல். பாட்டின் தாளம் அதற்கேற்ப விரையும், தளரும். கரைக்குத் திரும்பும்போதுதான் அபாயம் மிகுதி. ஓர் அலையின் முதுகில் ஏறி அதனோடு ஓடிவந்து, அது பின்வாங்குமுன் குதித்துப் படகை மணலில் இழுத்துவிட வேண்டும். ஒரு கணம் தவறினாலும் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால் கட்டுமரங்களும் பக்கத்தில் சென்றன. விழுந்தவரைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. உயிர் காத்த கட்டுமரக்காரர்க்குச் சென்னை அரசினர் பதக்கம் வழங்கியதுண்டு. வேறெந்தப் படகும் இறங்காத நாளிலும் கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலை அடைந்தவர்களும் அவர்களே.

ஐரோப்பியப் பயணிகளின் நூல்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வரும். நடு அலையில் துடுப்பை நிறுத்திவிட்டு மேற்கொண்டு காசு கேட்டார்களாம். கேட்டிருக்கலாம். அக்குறையை எழுதியவர்கள் அன்று ஒரு நாள் மட்டும் அந்த அலையைக் கடந்தவர்கள். வலித்தவர்களோ அதில் ஒரு நாளைக்குப் பலமுறை உயிரை வைத்தவர்கள். பேரம் பேசுவதற்கு அவர்களுக்கு வேறு இடம் ஏது? வலித்தவர்கள் எழுதிய பயண நூல் ஒன்று இருந்திருக்குமானால் அதில் பயணிகளைப் பற்றிய குறைகள் எத்தனை இருந்திருக்குமோ!

கல்வெட்டுகளிலும் அவர்கள் பெயர் அரிதே. சுமத்திராத் தீவின் பரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது அது. கலத்தின் தலைவரோடு ‘கேவிகள்’ என்போரும் அதில் இடம்பெறுகின்றனர். கலத்தில் பணி செய்தோர் என்று அச்சொல்லுக்கு ஆய்வாளர் பொருள் கொள்வர். எதற்காக இடம்பெற்றனர் என்று கேட்கிறீர்களா? அவர்களும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சொல்வதற்காகத்தான்.

சென்னையில் 1861இல் இரும்புத் தூண்கள்மீது ஒரு கப்பல் மேடை அமைந்தது. 1875இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881இல் பெரும்புயல் ஒன்று அதன் அலைத் தடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினர். கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத் தொடங்கியதும், பயணிகளை ஏற்றி இறக்கும் தொழில் மசூலாப் படகை விட்டு அகன்றது. கரைவலை வளைக்கும் மீனவரிடம் மட்டும் தைத்த படகுகள் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. பின்னர் கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவை மேலும் பெருகின.

அப்படகோட்டிகளைத் தேடிச் செல்ல விரும்பும் மாணவர்கள் வட சென்னையில் இராயபுரத்திற்குச் செல்லலாம். இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் பெயர். அவரும் படகும் வலையுமாக வாழ்ந்தவர். அவர் பெயரால் அங்கே உள்ள தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. மூவர் கோயிலை எடுப்பித்தவர் ஒரு வேளிர் தலைவர். இதை எழுப்பியவர்கள் சென்னைக் கரையின் படகோட்டிகள்.