150 லிட்டர்

வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது டர்போவின் தந்திரம். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அதை முதலில் கொண்டுவந்தது 1977இல் ரெனோ. அடிக்கடி புகைகக்கி நின்ற அந்த வண்டியை ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று ஏளனம் செய்தார்கள். 1979இல் அது வென்றபோது ஏளனம் அடங்கியது. பிறரும் டர்போவை நாடினர்.

ஆற்றலுக்கு விலை உண்டு. திணித்த காற்றின் வெப்பத்தில் எரிபொருள் தானாக வெடிக்காதிருக்க, தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைப் பாய்ச்சி உருளைகளைக் குளிர்வித்தனர். இந்த ஊதாரித்தனத்துக்கு 1984இல் அணை விழுந்தது: பந்தயத்துக்கு 220 லிட்டர், இடையில் நிரப்பக் கூடாது. மறு ஆண்டு இமோலாவில் முன்னணியில் இருந்த சென்னாவும், அவருக்குப்பின் முன்னேறிய யோஹான்சனும் இறுதிச் சுற்றுகளில் பெட்ரோல் தீர்ந்து நின்றனர். 1986இல் வரம்பு 195 ஆயிற்று.

1988இல், சுமார் 300 கிலோமீட்டருக்கு 150 லிட்டர்தான், காற்றழுத்தம் 2.5 பாரைத் தாண்டக் கூடாது. டர்போ இல்லாத வண்டிகளுக்கோ எரிபொருள் வரம்பே இல்லை. ஹோண்டா பொறியாளர்கள் எஞ்சினின் அழுத்த விகிதத்தை உயர்த்தினர். கணக்கு லிட்டரில் என்பதால், லிட்டருக்குக் கூடுதல் ஆற்றல் தரும் டொலுவீன் மிகுந்த எரிபொருளை, எளிதில் ஆவியாகும்படி சூடாக்கிச் செலுத்தினர். ஹோண்டா எஞ்சின் பூட்டிய மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. எஞ்சிய ஒன்றும் ஃபெராரியின் டர்போவுக்கே.

1989இல் டர்போ தடைசெய்யப்பட்டது. 2014இல் அது திரும்பியபோது, பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள் என்ற வரம்புக்குள் ஓடும் சிக்கனக் கருவியாகவே திரும்பியது.