சின்னமலை பறித்த வரி

மலர்க் குழு நண்பர்கள், "இந்த வருஷம் ஏற்காட்டுல கூடுறோம், ஏற்காட்டைப் பத்தி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். ஏரியையும் ஆரஞ்சையும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது இரண்டாம் ஆண்டு வரலாற்று வகுப்புச் சுற்றுலா. லேடீஸ் சீட்டில் எங்களை உட்கார வைத்து, கீழே விரிந்து கிடந்த சேலத்தைக் காட்டிப் பேராசிரியர் கேட்டார்: "இந்தச் சீமைக்கு வெள்ளைக்காரன் முதல்ல கொண்டாந்தது என்னப்பா?"

"காப்பி சார்!"

"காப்பி பின்னாடி வந்துச்சு. கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல இந்த மலைக்குக் கொண்டாந்தது. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே வரிக்கணக்கு வந்துடுச்சு."

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிர்வாகத்துக்கு வந்தவர்கள் சிவிலியன்கள் அல்லர், பட்டாளத்துக்காரர்கள். காப்டன் ரீடு தலைவர். தாமஸ் மன்றோ உதவியாளர்களில் ஒருவர். வயல் வயலாக அளந்து, உழுகிற குடியானவன் தலையிலேயே நேராக வரியைக் கட்டும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் முதல் சோதனை நடந்தது.

மேற்கே கொங்குச் சீமை 1799 வரை மைசூர்க் கையிலேயே இருந்தது. அங்கிருந்து சங்ககிரி வழியாக மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தீர்த்தகிரி என்ற இளைஞர் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பதும், கேட்டவர்களிடம் 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டது என்று சொல்' என்றார் என்பதும் மக்கள் வாய்வழி வந்த கதை. தீரன் சின்னமலை என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு குறும்பன் எழுந்து, "சார், அப்ப அவர் பறிச்சது வெள்ளைக்காரன் வரியே இல்லையே?" என்றான். எல்லோரும் சிரித்தோம். பேராசிரியர் சிரிக்கவில்லை. "சரியாப் புடிச்சடா. அங்கதான் சரித்திரம் இருக்கு" என்றார்.

மைசூர் வரியைப் பறித்தவர் என்று சொல்லப்படும் அதே சின்னமலை, பிறகு கொங்குப் படையுடன் திப்புவுக்குத் துணை நின்று கம்பெனியை எதிர்த்தார். 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்ததும் ஓடாநிலைக்குத் திரும்பிக் கோட்டை கட்டினார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கப் பாளையக்காரர்கள் போட்ட திட்டம் குலைந்தது. அதன் பிறகும் காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று அவர் போரிட்டார். கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். 31-7-1805இல் சங்ககிரிக் கோட்டையில் தம்பியருடன் தூக்கு. இதற்கு ஆறு வருடம் முன்பே, கிஸ்தித் தகராறில் தொடங்கிய கட்டபொம்மன் கதை கயத்தாறு புளியமரத்தில் முடிந்திருந்தது.

பாளையக்காரருக்குக் கோட்டை இருந்தது, ஆள் இருந்தது. ஆனால் பட்டாவில் தனித்தனியாகப் பெயர் ஏறிவிட்ட குடியானவன் என்ன செய்வான்? மகசூல் பொய்த்தால் நிலத்தை விட்டுவிட்டு ஓடலாம். அகப்பட்டால் அடி வாங்கலாம். வரி கூடுதல் என்பது மன்றோவுக்கே தெரிந்தது. கடப்பை, பெல்லாரிப் பக்கத்து ஜில்லாக்களுக்குக் கால் பங்கு குறைக்கச் சொல்லி 1807இல் எழுதினார். அப்போது யாரும் கேட்கவில்லை. 1820இல் அவரே கவர்னராக வந்த பிறகுதான் நடந்தது. அதற்கும் பிறகு, 1855இல் சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை வந்தது. வரி பாக்கிக்காக விரல்களைக் கட்டைக்கிடையில் நெரிக்கும் 'கிட்டி', குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைக்கும் 'அண்ணாந்தாள்' இரண்டும் அதில் பதிவாகியிருக்கின்றன. செய்தவர்கள் பெரும்பாலும் நம்மூர்ச் சேவகர்களே. இதைப் படித்தபோது எனக்குச் சின்னமலையைவிடப் பெயர் தெரியாத அந்த விரல்கள்தான் அதிகம் உறுத்தின. என் தாத்தா, பசி என்றால்கூடத் தாங்குவார். கிஸ்தி பாக்கி என்றால் ராத்தூக்கம் போய்விடும். அந்தப் பயம் எத்தனை தலைமுறை பழையது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று மலையிறங்கும்போது பஸ்ஸில் பாட்டுச் சத்தம். அந்தக் குறும்பன் மட்டும் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சங்ககிரிக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தான். அடுத்த ஞாயிறே நாங்கள் ஐந்து பேர் போனோம். சேலம்–ஈரோடு சாலையில்தான் இருக்கிறது. இந்த முறை ஊர் திரும்பும்போது யாருக்காவது நேரம் இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஒன்று மட்டும்: வெயில் ஏறும் முன்பே மலையேறிவிட வேண்டும். நமக்கு இப்போது அந்த வயதில்லை.