சலனப்படமும் சரித்திரச் சாட்சியும்

ஓலையும் கல்லும் செம்பும் நம் நாட்டுச் சரித்திரத்துக்குச் சான்றாய் நின்ற காலம் நெடிது. சென்ற நூற்றாண்டில் அவற்றோடு சலனப்படமும் ஒரு சான்றாக வந்து சேர்ந்தது. நிகழ்ந்ததைக் கண்முன் நிறுத்தும் இயல்பினால் அதற்கு மக்களிடையே பெருமதிப்புண்டு. ஆயின், பெருந்தலைவர் ஒருவர் கொலையுண்ட செய்தியில், காட்டப்படும் படம் மெய்யோ பொய்யோ என்னும் ஐயம் எழுமாயின் அதனைத் தெளிவது எங்ஙனம்? நம் சங்கத்துக் குடும்பங்களிற் சிறுவர்முதல் முதியோர்வரை யாவர் கையிலும் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், இவ்வினா அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் காந்தியடிகளின் மறைவை எடுத்துக்கொள்வோம். 1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, தில்லி பிர்லா மாளிகையிற் பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில் அடிகள் சுடப்பட்டார். சுடப்பட்ட அக்கணத்தைப் பிடித்த சலனப்படம் எதுவும் அறியப்பட்டிலது. மறுநாள் யமுனைக் கரையில் நடந்த இறுதிச் சடங்கின் படங்கள் உள. எனவே, 'காந்தி சுடப்படும் காட்சி' என்று ஒன்று நம் கைக்கு வருமாயின், அது நடிப்புக் காட்சியோ என்று முதலில் ஐயுறுதல் வேண்டும். 1963-இல் வெளிவந்த 'நைன் அவர்ஸ் டு ராமா', 1982-இல் வெளிவந்த 'காந்தி' ஆகிய இரு திரைப்படங்களிலும் கொலை நடித்துக் காட்டப்பட்டது. பின்னதில் வரும் இறுதி ஊர்வலத்துக்காக 1981 ஜனவரி 31-இல் தில்லியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். நடிப்பென்று சொல்லி எடுத்தவர்மேற் குற்றமில்லை. தலைப்பை நீக்கி உண்மையென உலவவிடுவோர்மேலேயே குற்றம். படம் இல்லாமையால் நிகழ்ச்சி பொய்யாகிவிடாது என்பதும் நினைக்கத்தக்கது. அருகிருந்தோர் கண்டு கூறியவையும், செங்கோட்டையில் நடந்த விசாரணையும் அக்கொலைக்குப் போதிய சான்றுகளாம்.

இனி, படம் இருந்தும் ஐயம் தீராத வழக்கொன்று உண்டு. 1963 நவம்பர் 22-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டல்லஸ் நகரிற் சுடப்பட்டபோது, அதனை ஆபிரகாம் சப்ரூடர் என்பார் தம் சிறு கருவியாற் படம் பிடித்தார். நம் திருப்பூர் அன்பர் பலரைப் போல அவரும் ஆயத்த ஆடைத் தொழிலினர். 8 மில்லிமீட்டர் சுருளில் 486 சட்டங்கள். ஓடும் நேரம் 27 வினாடிக்கும் குறைவு. அதனை 'லைஃப்' பத்திரிகை 1,50,000 டாலருக்கு வாங்கியது. அப்பத்திரிகையாரின் கூடத்திலே சில சட்டங்கள் சேதமுற, மூலச்சுருள் வெட்டி ஒட்டப்பட்டது. வாரன் குழுவினர் 1964-இல் வெளியிட்ட தொகுதியில் 314, 315-ஆம் சட்டங்கள் முன்பின்னாக அச்சாயின. படம் முழுதும் தேசியத் தொலைக்காட்சியில் மக்கட்குக் காட்டப்பெற்றது 1975-இலேதான். வெட்டியும், மாற்றியும், 11 ஆண்டுக்கு மேல் மறைத்தும் வைத்ததை அறிந்த மக்கள், படமே திருத்தப்பட்டது என்று கூறத் தொடங்கியதில் வியப்பென்னை?

ஆயினும் ஐயம் வேறு, முடிபு வேறு. கொலை நடந்த அன்றே அச்சுருளுக்குப் படிகள் மூன்று எடுக்கப்பட்டிருந்தன. மூலத்திற் சிதைந்த சட்டங்கள் படிகளிற் சிதையாமல் இருந்தன. மேலும், சுருளின் ஓரத் துளைகளுக்கிடையேயும் உருவம் பதிவது அக்கருவியின் இயல்பு. படி எடுக்கையில் அப்பகுதி வாராது. இவ்வடையாளம் மூலத்தில் உளது. கோடக் நிறுவனத்திற் பணிபுரிந்த ரோலண்டு சவாடா என்னும் பொறியறிஞர் இவையெல்லாம் ஆராய்ந்து, அது கருவியில் ஓடிய மூலச்சுருளே என 1998-இல் முடிபு கூறினார். ஏடு ஆராய்வோர் பழகிய வழியும் இதுவே. ஓரேட்டிற் செல்லரித்த அடியை மற்றோர் ஏட்டாற் பெறுவர். எழுத்தையும் துளையையும் நோக்கி ஏட்டின் பழமையை அறிவர். ஓர் அடி சிதைந்தமையால் நூல் முழுதும் பொய்யென்று கூறார்.

இவ்வளவும் மூலத்தைப் பற்றியதே, உரை வேறு. படம் மெய்யென்று துணிந்த பின்னரும், அதில் தலை சாய்ந்த திசைகொண்டு சுட்டவர் எங்கிருந்தார் என்னும் பூசல் இன்றும் ஓய்ந்திலது. மூலம் மெய்யாதல், உரை மெய்யாதலைத் தந்துவிடாது.

நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கொடுமை இதனை இன்னும் தெளிவாக்கும். 1991 மே 21-ஆம் நாள் இரவு, திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையானார். படம் பிடித்து நின்ற அரிபாபு என்னும் இளைஞரும் மாண்டார்; அவர் கருவி அழியாது கிடைத்தது. அதிலிருந்த படங்களில், மாலையேந்தி நின்ற பெண்ணும் வெள்ளுடையில் நின்ற ஆடவனும் காணப்பட்டனர். புலனாய்வுக்கு அதுவே வழிகாட்டிற்று. கருவி சடலத்தருகே கிடைத்ததாலும், தடய அறிவியலார் ஆராய்ந்தவை படத்தோடு பொருந்தியதாலும் அப்படங்கள் நிலைபெற்றன. அக்கூட்டத்தின் வீடியோ ஒன்று மறைக்கப்பட்டதென்று, தலைமைப் புலனாய்வு அதிகாரியாயிருந்த ரகோத்தமன் பிற்காலத்தில் எழுதினார். அஃது அவர் கூற்று; எனினும், சான்றைக் காப்பதிற் பிசகு நேர்ந்ததென்ற பேச்சு எழுந்தாலே ஐயம் எத்துணை நாள் வாழும் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

அவ்வழக்கில் 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999-இல் உச்சநீதிமன்றம் நால்வர்க்கே அதனை உறுதிசெய்து, மூவர்க்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்தினின்றும் நீக்கியது. சான்றுகளை மறுமுறை நிறுத்துப் பார்க்கையில் எத்தனை உயிர் தராசில் நின்றன என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க. ஒருவர் ஓரிடத்தில் இருந்தார் என்பதையே படம் சொல்லும். அவர் நெஞ்சில் இருந்ததைச் சொல்லாது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையிற் காளை வாங்குவோன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், எவர் பட்டியிற் பிறந்தது, எவரிடம் வளர்ந்தது என்று கேட்பான். ஒரு காளைக்குச் செய்யும் விசாரணையை ஒரு படத்துக்கும் செய்தல் வேண்டும். எடுத்தவர் யார்? எவர் கைகளின் வழியே வந்தது? முன்னும் பின்னும் வெட்டப்பட்டதா? பிற சான்றுகளோடு ஒக்கின்றதா? இந்நான்கும் கேளாமல் நம்புதல் பேதைமை. கேளாமலே பொய்யென்று தள்ளுதலும் அதனோடொக்கும்.

நம் சங்க வெளியீடுகளுக்கும் இம்முறை வேண்டும். 1805-இற் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் படத்தை அச்சிடுங்கால், 'ஓவியர் கற்பனை' எனக் கீழே குறித்தல் நன்று. ஒளிப்படக்கலை உலகறிய வந்தது 1839-இலன்றோ? அவ்வாறு குறிப்பதால் அவ்வீரர் பெருமை சிறிதும் குறையாது. நாம் கூறும் பிறவற்றிற்கு நம்பிக்கை மிகும். இல்லங்களில் உள்ள பழம்படங்களின் பின்புறத்தும், எடுத்த ஆண்டு, இடம், எடுத்தவர், உள்ளோர் பெயர் ஆகியவற்றை, அறிந்த பெரியோர் இருக்கும்போதே எழுதி வைத்தல் வேண்டும். இன்று எழுதாது விட்ட ஒரு வரியே நாளை நம் பேரர்க்கு ஐயமாய் முளைக்கும்.