வாரோசுக் கற்பூரமும் சாம்பிராணியும்

ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் விமானத்தையும் சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தியையும் கண்டு வியந்து திரும்புவர். அவ்வூரை நிறுவிய முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் சுமத்திராவைத் தாக்கியதும் நம் நினைவில் உண்டு. அத்தீவின் மரங்கள் நமக்குத் தந்தவற்றைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு.

படையெடுப்புக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், சக ஆண்டு 1010இல் (கி.பி. 1088), சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் அருகே, லோபு துவா என்னுமிடத்தில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டொன்றை நட்டனர். கப்பலில் வருவோர் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிய அக்கல்வெட்டை 1932இல் நீலகண்ட சாஸ்திரி ஆராய்ந்து எழுதினார். அதில் அவ்வூரின் பெயர் வாரோசு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் அடுக்கும் கற்பூர வகைகளுள்ளும் வாரோசு உண்டு. ஊரின் பெயரே சரக்கின் பெயராயிற்று! அப்பகுதிக் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று மார்க்கோ போலோவும் எழுதினார்.

அந்த விலைக்குக் காரணம் உண்டு. பச்சைக் கற்பூரம் மரத்தின் உள்வெடிப்புகளில் படிகமாக உறைந்திருக்கும். அதை எடுக்க மரத்தை வீழ்த்திப் பிளக்கவேண்டும். பிளந்த பின் ஒன்றுமே இல்லாமற் போவதும் உண்டு. பல நூற்றாண்டுகள் இவ்வாறு வெட்டப்பட்ட அம்மரம் இன்று அருகிவிட்டது. நாம் ஏற்றும் சூடமோ பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது.

அதே பாரூசுக்குப் பின்னாலுள்ள மலைகளில் சாம்பிராணி மரங்களும் உள்ளன. இவற்றை வெட்டவேண்டியதில்லை. பத்தாக் மக்கள் பட்டையில் சிறு காயங்கள் செய்துவிட்டு மூன்று நான்கு மாதம் காத்திருப்பர். பால் கசிந்து இறுகியபின் பட்டையோடு பெயர்த்தெடுப்பர். அளவறிந்து கீறினால் ஒரு மரம் பல பத்தாண்டுகள் பிசின் தரும். தந்தை கீறிய மரத்தை மகன் கீறுவதும் இயல்பு. எனவே மரத்தைக் காப்பதில் அவனுக்கும் பங்கு உண்டு. கற்பூரம் தேடி அலைந்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம் வீடுகளில் குழந்தையின் ஈரத்தலைக்குப் புகை காட்டுவதும், மருத்துவமனையில் டிங்சர் பென்சாயின் கலந்து ஆவி பிடிக்கச் சொல்வதும் இந்தச் சாம்பிராணியைக் கொண்டுதான். கடையில் கிடைக்கும் கட்டிகளில் பல வேறு பிசின்களின் கலவை என்பது தனிக்கதை.

கோடரி இவற்றையும் விடவில்லை. பண்டுமான், சிபித்துகுத்தா என்னும் இரு ஊர்களின் சாம்பிராணிக் காட்டில், காகிதக் கூழுக்கான மரம் வளர்ப்பதற்காக 2009இல் மரங்கள் வெட்டப்பட்டன. ஊரார் எதிர்த்தனர், சிலர் சிறை சென்றனர். 2016 டிசம்பரில் இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ மரபுரிமைக் காடுகளென அறிவித்த ஒன்பதில் அவர்களுடைய காடும் இடம்பெற்றது.