பீச்சில் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்க விடலாமா? 2 கிலோவை தாண்டினால் பொம்மை இல்லை!

2024 அக்டோபர் 6-ம் தேதி சென்னை மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியை நேரில் பார்த்தவர்களுக்கு, சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் கண்ணிலேயே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, 'நாமளும் சின்னதா ஒண்ணு வாங்கி பறக்க விடலாமே' என்று ரிமோட் ஹெலிகாப்டர் தேடுபவர்கள் உண்டு. நடிகர் அஜித்குமாருக்கு இந்த ஹாபி இருப்பது ஊரறிந்த விஷயம். 2018-ல் எம்.ஐ.டி. வளாக மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு 2-ம் இடம் பிடித்தது.

பிரச்னை என்னவென்றால், கடையில் சில நூறு ரூபாய்க்கு கிடைப்பதும் ரிமோட் ஹெலிகாப்டர்தான், 5 கிலோ எடையுள்ள மெஷினும் ரிமோட் ஹெலிகாப்டர்தான்.

பெரிய மாடல் எவ்வளவு ஆபத்து?

ஹாபிக்காரர்கள் '700 கிளாஸ்' என்று சொல்லும் மாடலில் ஒரு பிளேடு மட்டும் 700 மில்லிமீட்டர் நீளம். இரண்டும் சேர்ந்து சுற்றும்போது விட்டம் ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 1,800 முதல் 2,000 சுற்று என்று வைத்தால், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை தாண்டும். நேரா சொன்னால், பறக்கும் அரிவாள்.

2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், கடலோரம் உள்ள கால்வர்ட் வாக்ஸ் பூங்காவில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ரிமோட் ஹெலிகாப்டர் பிளேடு பட்டே உயிரிழந்தார். இத்தனைக்கும் அவர் இந்த ஹாபியில் புதியவர் இல்லை.

நாலு மோட்டார் டிரோனில் கையை எடுத்தால் அது பெரும்பாலும் அப்படியே காற்றில் நிற்கும். ஹெலிகாப்டர் அப்படி இல்லை. நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கணும். மூக்கு நம்மைப் பார்த்து திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தண்ணீர் ஓரம் என்றால்?

திறந்தவெளி, மரம் இல்லை, கம்பி இல்லை. அதனால் கடற்கரை வசதியான இடம் மாதிரி தெரியும். ஆனால் தண்ணீருக்கு மேலே போனதும் தூரத்தை கணிக்க பக்கத்தில் எதுவும் இருக்காது. வானமும் கடலும் ஒரே வெளிச்சமாகி, வால் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும். மோட்டார் நின்றுபோனாலும், சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகத்தை வைத்தே மெதுவாக தரையிறக்கும் வித்தை உண்டு. 'ஆட்டோரொட்டேஷன்' என்பார்கள். தரை இருந்தால்தானே இறக்க முடியும்? விழுந்ததை எடுக்க கடலில் இறங்குவது அதைவிட ஆபத்து. உப்புத் தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி கொஞ்ச நேரம் கழித்துக்கூட தீப்பிடிக்கலாம். அதை வண்டிக்குள் வைத்து வீட்டுக்கு கொண்டு வரவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதெல்லாம் டிரோன் விதிகள் 2021-க்குள் வரும். 'டிரோன் இல்லை, ஹெலிகாப்டர்' என்று சொல்லி தப்பிக்க முடியாது. சுழலும் பிளேடு உள்ளவை அந்த விதிகளில் தனி வகையாகவே இருக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். பொழுதுபோக்குக்காக கண் பார்வைக்குள் மட்டும் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பதிவு எண் வேண்டும், கட்டணம் 100 ரூபாய். 2 கிலோ வரை வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். அதற்கு 18 வயதும் 10-ம் வகுப்பு தேர்ச்சியும் அவசியம். ஆக, மேலே சொன்ன 700 கிளாஸை ஆன்லைனில் ஆர்டர் போட்ட மறுநாளே பறக்க விட முடியாது. நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் உண்டு. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஏர் ஷோ நடக்கும்போது?

நினைக்கவே வேண்டாம். ஒரு இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிக சிவப்பு மண்டலமாக அறிவிக்க எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரிக்கே அதிகாரம் இருக்கிறது. விமானங்கள் தாழப் பறக்கும் நேரத்தில் 5 கிலோ உலோகம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவே தேவையில்லை. கீழே நிற்கும் கூட்டத்துக்கும் ஓட இடம் இருக்காது. மெரினாவில் அன்று வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது.

காரைக்குடியில் பறக்க விடலாமா?

விமான நிலையத்தில் இருந்து 12 கிலோமீட்டருக்கு வெளியே, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மதுரை, திருச்சி இரண்டுமே காரைக்குடிக்கு தூரம்தான். இருந்தாலும் பக்கத்தில் செட்டிநாடு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. மண்டலங்களும் மாறலாம். அதனால் ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை பார்த்துவிட்டு கிளம்புங்க. செக்காலை மாதிரி வீடுகள் நெருக்கமான தெருவில், மொட்டை மாடியில் நின்று பெரிய மாடலை கிளப்புவது வேண்டாம். பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்கா இருப்பாங்க. ஊருணிக்கரையும் அப்படித்தான், குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆட்கள் வரும் இடம். மழைக்கு முன் வறண்டு கிடக்கும் கண்மாய்ப் பொட்டல், ஆடு மாடு மேயாத நேரமாகப் பார்த்து, உங்களுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு பறக்க விடுங்க. பேட்டரியை கழற்றும் வரை யாரையும் கிட்ட விடாதீங்க.